மறைக்க எதுவும் இல்லாதவருக்கு இணையத்தில் தனியுரிமை எதற்கு?

கேட்டவர் ஒரே மூச்சில் மூன்று கேள்விகளை எழுப்பியிருக்கிறார். தவறு ஏதும் செய்யாத, மறைக்க ஒன்றும் இல்லாத ஒருவர் இணையத் தனியுரிமையைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும் என்பது முதலாவது. பழைய தலைமுறைக் கணினி ஆர்வலர்கள் குறியாக்கம் (உரியவர் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி செய்தியை மாற்றி அனுப்புவது), கட்டற்ற மென்பொருள் (மூல நிரலை யாரும் படிக்கவும் மாற்றவும் உரிமை தரும் மென்பொருள்) என்று ஓயாமல் பேசுவது வெறும் அச்சமா என்பது இரண்டாவது. உலாவியின் மறைநிலைச் சாளரமும், நம் இணையப் போக்குவரத்தைத் தன் கணினி வழியாக அனுப்பும் ஒரு வி.பி.என். சேவையும் இருந்தால் போதாதா என்பது மூன்றாவது. இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். முதல் கேள்விக்கான விடை அந்த வரலாற்றுக்குள்தான் இருக்கிறது.

அந்தத் தலைமுறையினர் எதையும் மூடி மறைத்து வாழ்ந்தவர்கள் என்ற எண்ணம் இன்று பரவலாக இருக்கிறது. உண்மை அதற்கு நேர்மாறானது. 1970களிலும் 1980களிலும் பல்கலைக்கழகக் கணினிகளில் ‘ஃபிங்கர்’ என்றொரு கட்டளை இருந்தது. 1977இலேயே அதற்கு எழுத்து வடிவில் வரையறை வெளியாகிவிட்டது. ஒருவருடைய பயனர் பெயரை அதில் கொடுத்தால், அவருடைய முழுப்பெயர், அலுவலக அறை, அவர் கடைசியாக எப்போது கணினிக்குள் நுழைந்தார் என்பவையெல்லாம் தொலைவிலிருக்கும் யாருக்கும் தெரிந்துவிடும். சில கணினிகளில், வந்த அஞ்சலை அவர் படித்துவிட்டாரா என்பதுகூடத் தெரியும். அதோடு நில்லாமல், தாம் என்ன வேலையில் ஈடுபட்டிருக்கிறோம், எப்போது ஊரில் இருக்க மாட்டோம் என்பதையெல்லாம் தனிக் கோப்பில் தாமே எழுதிவைத்து, கேட்பவர்களுக்குக் காட்டினார்கள். 1979இல் டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் டிரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும் வித்திட்ட யூஸ்நெட் விவாதக் குழுக்களில், சொந்தப் பெயரோடும் பணியிடத்தின் பெயரோடும் எழுதுவதுதான் பெரும்பாலோர் வழக்கம். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்டு ஸ்டால்மன், அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் கடவுச்சொல் முறை வந்தபோது அதையே எதிர்த்தவர். பின்னாளில் குறியாக்கத்துக்காகப் போராடியவர்களில் பலர் இப்படிப்பட்ட திறந்த சூழலில் வளர்ந்தவர்கள்தாம்.

அந்தத் திறந்த வாழ்வு எப்படிச் சாத்தியமாயிற்று என்று பார்த்தால், தனியுரிமையின் அடிப்படை ஓரளவு விளங்கும். விவரங்களை வெளியில் வைத்தவர் அவற்றுக்கு உரியவரே. அவற்றைக் கேட்டுப் பார்த்தவர்கள் அவரைப் போன்ற சக பயனர்கள். அதுவும் ஒரு நேரத்தில் ஒருவரைப் பற்றி மட்டும். எல்லோருடைய விவரங்களையும் நாள்தோறும் திரட்டி, ஒன்றோடொன்று பொருத்தி, ஆண்டுக்கணக்கில் சேமித்துவைக்கும் ஆள் யாரும் அங்கே இல்லை. வட்டுகளின் விலை அதிகமாக இருந்ததால், யூஸ்நெட் பதிவுகளைப் பெரும்பாலான கணினிகள் சில வாரங்களில் அழித்துவிட்டன. எழுதியது மறைந்துவிடும் என்று நம்பித்தான் அன்று எல்லோரும் எழுதினார்கள்.

1995இல் டெஜா நியூஸ் என்ற சேவை யூஸ்நெட் பதிவுகளைச் சேமித்துவைத்து, பெயரைக் கொடுத்தால் தேடித் தரத் தொடங்கியதும் அந்த நம்பிக்கை உடைந்தது. ஒருவர் ஒரு நோயைப் பற்றிய குழுவில் ஆலோசனை கேட்டிருப்பார். இன்னொரு குழுவில் மதத்தைப் பற்றி வாதிட்டிருப்பார். மூன்றாவதில் தம் துறையில் வேலை தேடியிருப்பார். மூன்று குழுக்களின் வாசகர்களும் வெவ்வேறு ஆட்கள். இப்போது வேலை தரப்போகிறவர் மூன்றையும் ஒரே பக்கத்தில் பார்க்க முடிந்தது. எந்த இரகசியமும் கசியவில்லை, எந்தப் பூட்டும் உடைக்கப்படவில்லை. ஒவ்வொரு பதிவும் முதலிலிருந்தே பொதுவெளியில் இருந்ததுதான். ஆயினும் தமக்கு ஏதோ அநீதி நேர்ந்துவிட்டதாகப் பலர் உணர்ந்தார்கள். தம் பதிவைச் சேமிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் ஒரு தலைப்புவரியைச் சேர்த்து எழுதும் பழக்கமும் பரவியது. 2001இல் கூகுள் அந்தக் காப்பகத்தை வாங்கி, 1981 முதலான பழைய பதிவுகளையும் அதில் சேர்த்தது. அன்று அவர்களுக்கு எழுந்த மனக்குறை முற்றிலும் நியாயமானது என்பதே என் கருத்து. ஒரு செய்தி எந்தச் சூழலில், யாரிடம் சொல்லப்பட்டதோ அந்தச் சூழலிலிருந்து அதைப் பெயர்த்தெடுத்து வேறொரு காரியத்துக்குப் பயன்படுத்துவதுதான் இங்கே நேர்ந்த கேடு. இணையத் தனியுரிமையைப் பற்றி இன்று நடக்கும் சர்ச்சைகளில் மிகப் பெரும்பாலானவை இதே வகையைச் சேர்ந்தவை.

குறியாக்கத்தின் கதை வேறு வகையானது. மின்னஞ்சலைக் கொண்டுசேர்க்கும் எஸ்.எம்.டி.பி. நெறிமுறை 1982இல் வரையறுக்கப்பட்டபோது, கடிதத்தை மறைத்து அனுப்பவோ அனுப்புநர் உண்மையானவர்தானா என்று சரிபார்க்கவோ அதில் வழி எதுவும் இல்லை. வழியிலுள்ள எந்தக் கணினியின் நிர்வாகியும் கடிதத்தைப் படிக்கலாம். இதைச் சரிசெய்வதற்கான கணிதம் அதற்கு முன்பே கிடைத்துவிட்டது: முன்பின் சந்திக்காத இருவர் இரகசியமாகப் பேசிக்கொள்ளும் வழியை 1976இல் டிஃபி, ஹெல்மன் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள், அதற்கடுத்த ஆண்டு ஆர்.எஸ்.ஏ. என்ற குறியாக்க முறை உருவானது. அதைச் சாதாரண மக்களின் கணினிக்குக் கொண்டுவந்தவர் ஃபில் சிம்மர்மன். 1991இல் அவர் வெளியிட்ட பி.ஜி.பி. என்ற நிரல் நாடு கடந்து பரவியது. வலுவான குறியாக்கத்தைப் போர்த் தளவாடங்களின் பட்டியலில் வைத்திருந்த அமெரிக்க அரசு, அது வெளிநாட்டுக்குப் போனது ஏற்றுமதிக் குற்றமா என்று 1993இல் அவர்மீது விசாரணை தொடங்கியது. 1996 ஜனவரியில் குற்றச்சாட்டு எதுவும் இல்லாமலேயே அந்த விசாரணை கைவிடப்பட்டது. இதற்கிடையில், 1995இல் எம்.ஐ.டி. பதிப்பகம் அந்த நிரலின் மூல வரிகளை முழுவதுமாக அச்சிட்டு ஒரு புத்தகமாகவே கொண்டுவந்தது. வட்டில் இருந்தால் ஆயுதம், காகிதத்தில் இருந்தால் பேச்சுரிமை என்ற முரணை அரசின் முன் வைத்த அந்தச் செயலை, கணினி வரலாற்றின் மிகத் துணிச்சலான பதிப்பு முயற்சிகளில் ஒன்றாகக் கருதுகிறேன்.

அதே 1993இல் அமெரிக்க அரசு கிளிப்பர் சில்லு என்ற திட்டத்தை முன்வைத்தது. தொலைபேசிப் பேச்சைக் குறியாக்கம் செய்துகொள்ளலாம். ஆனால் அந்தக் குறியாக்கத்தைத் திறக்க உதவும் இரகசிய எண்ணான திறவுகோலில், ஒவ்வொரு கருவிக்கும் ஒரு படி அரசின் பொறுப்பில் இருக்கும். மறுஆண்டே மேட் பிளேஸ் என்ற ஆய்வாளர் அதன் வடிவமைப்பில் ஒரு குறையைக் கண்டுபிடித்தார். அரசுக்கென்று வைத்த வழியைத் தவிர்த்துவிட்டு, அந்தச் சில்லின் குறியாக்கத்தை மட்டும் பயன்படுத்திக்கொள்ள முடியும் என்று அவர் காட்டினார். திட்டம் சில ஆண்டுகளில் ஓசையின்றி மறைந்தது.

இதைவிடத் தெளிவான பாடம் உலாவிகளின் கதையில் இருக்கிறது. நெட்ஸ்கேப் உலாவியின் அமெரிக்க உள்நாட்டுப் பதிப்பில் வலுவான குறியாக்கமும், ஏற்றுமதிப் பதிப்பில் திறவுகோலின் நீளத்தை 40 பிட்டாகக் குறைத்து வேண்டுமென்றே பலவீனமாக்கப்பட்ட குறியாக்கமும் இருந்தன. அந்த 40 பிட் திறவுகோலை 1995இலேயே பிரான்சிலிருந்த ஓர் ஆய்வாளர் கணினிகளைக் கொண்டு முயன்று உடைத்துக்காட்டினார். 2000ஆம் ஆண்டையொட்டி ஏற்றுமதி விதிகள் தளர்த்தப்பட்டன. ஆனால் பழைய பலவீனமான முறைகளை ஏற்றுக்கொள்ளும் நிரல் வரிகள் இணையதளங்களை நடத்தும் எண்ணற்ற கணினிகளிலும் உலாவிகளிலும் அப்படியே தங்கிவிட்டன. 2015இல் ‘ஃப்ரீக்’ என்ற தாக்குதல் வெளிப்பட்டபோது, அந்த மறக்கப்பட்ட பலவீனத்தை மீண்டும் தட்டியெழுப்பி அப்போதைய இணைப்புகளையே உடைக்கலாம் என்பது தெரிந்தது. பின்கதவு வைத்த அதிகாரிகள் ஓய்வு பெற்றுப் போன பிறகும் பின்கதவு திறந்தே இருந்தது. காவல்துறைக்கு மட்டும் பயன்படும்படி ஒரு வழி வைத்தால் என்ன என்று இன்றும் அரசுகள் கேட்கின்றன. குற்றங்களைத் தடுக்க வேண்டும் என்ற அவர்களுடைய அக்கறையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. வருபவர் யார் என்று பார்த்துத் திறக்கவும் மூடவும் கணிதத்துக்குத் தெரியாது என்பதுதான் தடை. பழைய கணினிக்காரர்களின் பிடிவாதம் இந்த அனுபவத்திலிருந்து வந்தது. அதை வீண் அச்சம் என்று ஒதுக்க என்னால் முடியாது.

இனி விளம்பரத்துக்கு வருவோம். குக்கீ என்பது 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மாண்டுல்லி உருவாக்கியது. ஓர் இணையதளம், பக்கம் மாறினாலும் அதே பயனரை நினைவில் வைத்துக்கொள்ள ஒரு சிறு குறிப்பை அவருடைய கணினியிலேயே விட்டுவைக்கும். இணையக் கடையில் கூடையில் போட்ட பொருள் மறையாமல் இருப்பது இதனால்தான். இதில் தீங்கு ஏதும் இல்லை. ஆனால் ஒரு பக்கத்தில் இன்னொரு நிறுவனத்தின் விளம்பரப் படம் இடம்பெற்றால், அந்த நிறுவனமும் தன் குக்கீயை விட்டுவைக்கலாம். அதே நிறுவனத்தின் படம் ஆயிரம் தளங்களில் இருந்தால், அந்த ஆயிரம் தளங்களிலும் ஒருவர் போய்வந்த பாதை ஒரே இடத்தில் சேர்ந்துவிடும். இந்த ஆபத்து அன்றே தெரியாமல் போகவில்லை. 1997 பிப்ரவரியில் வெளியான ஆர்.எஃப்.சி. 2109 என்ற தர ஆவணத்தை எழுதிய இருவரில் மாண்டுல்லியும் ஒருவர். இத்தகைய மூன்றாம் தரப்புக் குக்கீகளை உலாவிகள் ஏற்கக் கூடாது, பயனர் விரும்பினால் அனுமதிக்கலாம், ஆனால் அது தொடக்கத்தில் அணைந்தே இருக்க வேண்டும் என்ற கருத்து அதில் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. அன்று சந்தையை ஆண்ட இரு உலாவிகளும் அதைப் பின்பற்றவில்லை. ஃபயர்பாக்ஸ் கண்காணிப்புக் குக்கீகளை எல்லோருக்கும் தொடக்கத்திலேயே தடுத்தது 2019இல். சஃபாரி முழுமையாகத் தடுத்தது 2020இல். அதே ஆண்டில் தானும் நிறுத்தப்போவதாக அறிவித்த குரோம், பலமுறை தள்ளிப்போட்டு, 2024இல் அந்த எண்ணத்தைக் கைவிட்டது.

இந்த வரலாற்றை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் உண்டு. விரும்பாதவர்கள் அமைப்பை மாற்றிக்கொள்ளலாமே என்று மென்பொருள் நிறுவனங்கள் எப்போதும் சொல்லும். ஆனால் ஒரு மென்பொருள் நிறுவப்படும்போது என்ன நிலையில் இருக்கிறதோ, அதே நிலையில்தான் பெரும்பாலோர் அதைக் கடைசிவரை பயன்படுத்துகிறார்கள். ஆகவே தொடக்க அமைப்பைத் தீர்மானிப்பவரே கோடிக்கணக்கானோரின் தனியுரிமையைத் தீர்மானிக்கிறார். ‘என்னைப் பின்தொடராதே’ என்று உலாவி மூலம் ஒவ்வொரு தளத்திடமும் வேண்டிக்கொள்ளும் ஒரு முறையும் முயன்று பார்க்கப்பட்டது. அதை மதிக்க வேண்டிய கட்டாயம் எந்தத் தளத்துக்கும் இல்லாததால் அது பயனற்றுப் போனது.

கட்டற்ற மென்பொருளைப் பற்றிய வற்புறுத்தலும் இங்கேதான் வந்து சேர்கிறது. 1983இல் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தபோது முன்வைத்த கோரிக்கை, தன் கணினியில் ஓடும் நிரல் என்ன செய்கிறது என்பதைப் படித்துப் பார்க்கவும் மாற்றவும் பயனருக்கு உரிமை வேண்டும் என்பது. பயனருக்குத் தெரியாமல் ஒரு நிரல் எங்கோ தகவல் அனுப்புகிறதா என்ற கேள்விக்கு, மூல நிரல் கைவசம் இருந்தால் தேர்ந்தவர்கள் யாராவது நேராக விடை காணலாம். அதற்காக, திறந்திருப்பதெல்லாம் பாதுகாப்பானது என்று சொல்லும் ஆர்வலர்களோடு நான் உடன்படவில்லை. 2014இல் வெளிப்பட்ட ‘ஹார்ட்பிளீட்’ என்ற பிழை, உலகின் பெரும்பகுதி இணையதளங்கள் குறியாக்கத்துக்கு நம்பியிருந்த, ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்ற திறந்த மூல நிரலில் இரண்டு ஆண்டுகள் எல்லோர் கண்ணெதிரிலும் கிடந்தது. படிக்க உரிமை இருந்தது. படிக்க ஆள் இல்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர், போதிய ஊதியம் இல்லாமல், அத்தனை பெரிய பொறுப்பைச் சுமந்துகொண்டிருந்தார்கள். மின்னஞ்சல் குறியாக்கத்துக்கு இன்றும் பயன்படும் குனு பி.ஜி. நிரலை 1997 முதல் பெரும்பாலும் தனி ஒருவராகப் பேணிவந்த வெர்னர் காக், பணம் போதாமல் அதையே விட்டுவிடும் நிலைக்கு வந்தார் என்ற செய்தி 2015இல் வெளியான பிறகுதான் நிதி திரண்டது. இத்தகைய மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள், முடிந்தால் அதை எழுதுகிறவர்களுக்கு ஒரு சிறு தொகையாவது அனுப்ப வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இப்போது முதல் கேள்வி. மறைக்க எதுவும் இல்லை என்று ஒருவர் சொல்லும்போது, தம்மைப் பற்றிய விவரங்களைத் தனித்தனியாக மனத்தில் எண்ணிப் பார்த்து, ஒவ்வொன்றும் வெட்கத்துக்குரியதல்ல என்று முடிவு செய்கிறார். திரட்டுபவர் அவற்றைத் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. 2006 ஆகஸ்டில் ஏ.ஓ.எல். என்ற அமெரிக்க இணைய நிறுவனம், ஆய்வாளர்களுக்கு உதவும் என்ற நல்லெண்ணத்தில், சுமார் 6,50,000 பயனர்களின் சுமார் 2 கோடித் தேடல்களை வெளியிட்டது. பெயர்களை நீக்கி, ஒவ்வொருவருக்கும் ஓர் எண்ணைக் கொடுத்திருந்தது. சில நாட்களுக்குள், ஓர் எண்ணுக்குரிய தேடல்களை மட்டும் வைத்துக்கொண்டு, செய்தியாளர்கள் 62 வயதான ஒரு பெண்மணியின் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அவர் எந்தக் குற்றமும் செய்தவரல்லர். உடல் உபாதைகளையும் வளர்ப்பு நாயையும் பற்றித் தேடியிருந்தார், அவ்வளவுதான். அமெரிக்க மக்களில் 87 விழுக்காட்டினரைப் பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றைக் கொண்டே தனித்து அடையாளம் காணலாம் என்று லடான்யா ஸ்வீனி என்ற ஆய்வாளர் 2000ஆம் ஆண்டில் கணக்கிட்டிருந்தார். அந்த மூன்றையும் யாரும் இரகசியம் என்று கருதுவதில்லை. பெயரை நீக்கிவிட்டோம் என்று ஒரு நிறுவனம் உறுதி சொல்லும்போது எவ்வளவு நம்பலாம் என்பதை இதிலிருந்தே அளந்துகொள்ளலாம்.

திரட்டப்பட்ட விவரம் திரட்டியவரிடமே இருக்கும் என்பதற்கும் உறுதி இல்லை. நிறுவனங்கள் விற்கப்படுகின்றன, சட்டங்கள் மாறுகின்றன, தரவுத்தளங்கள் களவாடப்படுகின்றன. இன்று குற்றமில்லாத ஒன்று நாளை வேறொரு ஆட்சியின் கீழ்க் குற்றமாகலாம். அப்போது பழைய பதிவைத் திரும்பப் பெற வழியில்லை.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது இதன் இன்னொரு பக்கத்தை. பயன்படுத்துபவர் யார் என்பதை மறைக்கும் டார் வலையமைப்பின் அடிப்படை, செய்தியைப் பல அடுக்குக் குறியாக்கத்தில் பொதிந்து பல கணினிகள் வழியாக அனுப்பும் வெங்காய வழிச்செலுத்தல் முறை. அது 1990களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் உருவானது. இராணுவத்துக்காக எழுதிய கருவியை ஏன் உலகத்தார் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள்? கடற்படையினர் மட்டுமே பயன்படுத்தும் வலையிலிருந்து ஒரு செய்தி வெளிவந்தால், அதை அனுப்பியவர் கடற்படையைச் சேர்ந்தவர் என்பது அந்தக் கணமே தெரிந்துவிடும். மாணவர்களும் வணிகர்களும் இல்லத்தரசிகளும் அதே வலையில் கலந்திருந்தால்தான் யாருக்கும் மறைவு கிடைக்கும். மறைக்க வேண்டியது உள்ளவர்கள் மட்டும் குறியாக்கத்தைப் பயன்படுத்தினால், அதைப் பயன்படுத்துவதே சந்தேகத்துக்கு இடமாகிவிடும். வீட்டில் அடிபட்டு உதவி தேடும் ஒருத்தி, ஊழலை வெளிப்படுத்த நினைக்கும் ஓர் ஊழியர், தகவல் தந்தவரைக் காப்பாற்ற வேண்டிய ஒரு செய்தியாளர் ஆகியோருக்கு நிழல் தருவது, மறைக்க எதுவும் இல்லாத நம் போன்றவர்களின் சாதாரணப் போக்குவரத்துதான். 2010இல் ‘ஃபயர்ஷீப்’ என்ற உலாவி நீட்சி, பொது வைஃபையில் அருகிலிருப்பவரின் சமூக ஊடகக் கணக்கில் ஒரே சொடுக்கில் நுழையலாம் என்று காட்டியபோது, குறியாக்கம் பெரும்பாலும் வங்கிகளுக்கும் கடவுச்சொல் பக்கங்களுக்கும் உரிய வசதியாகவே இருந்தது. 2015இன் இறுதியில் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு, இணையதளத்தில் குறியாக்கம் சேர்க்கத் தேவையான சான்றிதழை எவருக்கும் இலவசமாகத் தரத் தொடங்கியதும், 2016இல் வாட்ஸ்அப் தன் நூறு கோடிப் பயனர்களின் செய்திகளுக்கும் முனைக்கு முனை குறியாக்கத்தை (அனுப்புநரும் பெறுநரும் மட்டுமே படிக்கக்கூடிய முறையை) இயல்பாகவே சேர்த்ததும் நிலைமையை மாற்றின. அவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்த அமைப்பையும் தேடி மாற்றவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

மறைநிலைச் சாளரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அது உங்கள் கணினியில் வரலாற்றையும் குக்கீகளையும் தங்கவிடாது. ஒரே கணினியைப் பகிர்ந்துகொள்பவர்களிடமிருந்து மறைக்க உதவும். நீங்கள் போகும் தளத்துக்கும், இணைப்பு தரும் நிறுவனத்துக்கும், அலுவலக வலையமைப்புக்கும் நீங்கள் வழக்கம்போலவே தெரிவீர்கள்.

வி.பி.என். சற்று விரிவாகப் பேச வேண்டியது. பின்லாந்தில் யோஹான் ஹெல்சிங்கியஸ் 1993இல் ஒரு மறுஅஞ்சல் சேவையைத் தொடங்கினார். அதன் வழியாக அனுப்பினால் அனுப்புநரின் முகவரி நீக்கப்பட்டு ஒரு புனைமுகவரி சேர்க்கப்படும். எந்தப் புனைமுகவரி யாருடையது என்ற அட்டவணை அவருடைய கணினியில் இருந்தது. சயன்டாலஜி திருச்சபையின் புகாரையடுத்து 1995இல் பின்லாந்து காவல்துறை வந்தபோது, அவர் நேர்மையானவராக இருந்தும், ஒரு பயனரின் முகவரியைக் கொடுக்க வேண்டியதாயிற்று. 1996இல் சேவையையே மூடிவிட்டார். வி.பி.என். சேவையின் அமைப்பும் இதுவே: இணைப்பு தரும் நிறுவனம் பார்க்கக்கூடியதை, அதற்குப் பதிலாக வி.பி.என். நிறுவனம் பார்க்கும். நம்பாத வலையமைப்பில் இருக்கும்போதும், சில தளங்கள் தடுக்கப்பட்டிருக்கும்போதும் அது பயன்படும். விளம்பர நிறுவனங்கள் உங்களை அடையாளம் காண்பதை அது பெரிதாகத் தடுக்காது. இலவச வி.பி.என்.களைத் தவிர்த்துவிடுங்கள்.

வி.பி.என்.னுக்குச் செலவிடும் பணத்தையும் நேரத்தையும் நான் வேறிடத்தில் செலவிடச் சொல்வேன். மூன்றாம் தரப்புக் குக்கீகளைத் தொடக்கத்திலேயே தடுக்கும் உலாவி ஒன்றும், யூபிளாக் ஆரிஜின் போன்ற ஒரு தடுப்பு நீட்சியும் பின்தொடர்தலில் பெரும்பகுதியைக் குறைத்துவிடும். மென்பொருள் புதுப்பிப்புகளை உடனுக்குடன் ஏற்பதும், ஒவ்வொரு கணக்குக்கும் தனிக் கடவுச்சொல்லை ஒரு கடவுச்சொல் மேலாளரில் வைப்பதும் அவசியம். முனைக்கு முனை குறியாக்கம் செய்யப்பட்ட உரையாடலை, குறியாக்கம் இல்லாத மேகக் காப்புப்படியில் (நிறுவனத்தின் கணினியில் இணையம் வழியாகச் சேமிக்கும் நகலில்) போட்டுவைத்தால் பாதுகாப்பு அங்கேயே போய்விடும். அந்த அமைப்பை ஒருமுறை திறந்து பாருங்கள். பிறகு கைப்பேசியில் எந்தெந்தச் செயலிக்கு இருப்பிடமும் தொடர்புப் பட்டியலும் திறந்திருக்கின்றன என்று பார்த்து, காரணம் புரியாதவற்றையெல்லாம் மூடிவிடுங்கள். இருப்பிடத்தைவிடத் தொடர்புப் பட்டியலில் கூடுதல் கண்டிப்பு வேண்டும். அதில் இருப்பவை மற்றவர்களுடைய பெயர்களும் எண்களும். அவற்றை ஒரு நிறுவனத்துக்குக் கொடுக்க அவர்கள் உங்களிடம் சம்மதம் சொல்லவில்லை, அவர்களில் சிலருக்கு மறைக்க வேண்டிய காரணமும் இருக்கலாம்.